பீப்பாய்க் குதிரையில் வெர்லீன்

வெர்லீன் டிப்பெட்ஸுக்குத் தலைக்கனம் உண்டு. அதை ஒளித்து வைக்கிற பழக்கம் அவளுக்கே கிடையாது, நமக்கு மட்டும் எதற்கு? பிக்ஹார்ன் மலைக்கு இந்தப் பக்கம் தன்னை மாதிரி துப்பாக்கி உறை தைக்க ஆளில்லை என்று அவள் வாய் கூசாமல் சொல்லுவாள். கேட்டவர்களிடமும் சொல்லுவாள், கேட்காதவர்களிடமும் சொல்லுவாள். அது பொய்யுமில்லை.

அவள் தைக்க ஆரம்பித்ததே கோபத்தில்தான். கல்யாணமான புதிதில் புருஷன் மெர்லோடு செம்மண் ஓடைத் துப்பாக்கிக் கழகத்துக்குப் போகும்போது, கடையில் வாங்கிய உறையைத்தான் அவளும் கட்டிக்கொண்டு போனாள். அதெல்லாம் ஆம்பளை இடுப்புக்கு வெட்டியது. பொம்பளை இடுப்பு உறையின் அடியை வெளியே தள்ளும், துப்பாக்கியின் பிடி நேராக விலாவில் வந்து குத்தும். கொஞ்ச காலம் பல்லைக் கடித்துக்கொண்டு சுட்டாள். ஒருநாள், "போங்கடா நீங்களும் உங்க தோலும்" என்று கழற்றி வீசிவிட்டு, குதிரைச் சேணம் தைக்கிறவனிடம் மாட்டுத்தோல் வாங்கிவந்து சமையலறை மேஜையில் விரித்துவிட்டாள். அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டை மெர்ல் மடியில் வைத்துக்கொண்டு சாப்பிட்டான்.

முதல் உறை பிய்ந்த செருப்பு மாதிரி வந்தது. அதை இப்போதும் எலி வரும் பொந்தில் அடைத்து வைத்திருக்கிறாள். அதற்குப் பிறகு கை பழகிவிட்டது. இரண்டு ஊசி, ஒரு மெழுகு நூல், எதிரும் புதிருமாக ஒரே துளையில் கோத்து இழுக்கிற தையல். தைத்து முடித்ததும் தோலை வெந்நீரில் நனைத்து, துப்பாக்கியை மெல்லிய பிளாஸ்டிக்கில் சுற்றி உள்ளே இறக்கி, கட்டைவிரலாலும் ஒரு மான்கொம்புத் துண்டாலும் மேலே அழுத்திக்கொண்டே இருப்பாள். காயக் காயத் தோல் அந்தத் துப்பாக்கியின் உடம்பையே வாங்கிக்கொள்ளும். ஒரு துப்பாக்கிக்கு ஒரு உறை, அதுதான் அவள் சட்டம். கடைசியில் காலித் துப்பாக்கியை உறையில் சொருகி, கட்டிலுக்கு மேலே தலைகீழாகப் பிடித்து உதறுவாள். மெத்தையில் விழுந்தால் அந்த உறை வீட்டை விட்டு வெளியே போகாது.

கழகத்தில் பாதிப்பேர் இடுப்பில் வெர்லீன் தைத்ததுதான் தொங்கியது. மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் தாத்தா காலத்து உடுப்பு மாட்டிக்கொண்டு கூடுவார்கள். ஆம்பளைகளுக்கு அரைக்கோட்டும் தொப்பியும், பொம்பளைகளுக்குக் கணுக்கால் வரை பாவாடை. ஆளுக்கொரு பட்டப்பெயர் வேறு. வெர்லீனுக்கு 'ஊசிமுனை மேகி'. அவள் தைத்த உறையிலேயே அழகானதைக் கட்டிக்கொண்டு திரிந்த டாய்ல் ஹன்சேக்கருக்கு 'இடிமுழக்கக் கர்னல்'. டாய்ல் பட்டாளத்துப் பக்கம் எட்டிக்கூடப் பார்த்ததில்லை. வீடு வீடாக எரிவாயு போடுகிறவன். ஆனால் இடிமுழக்கம் உண்மை. அவன் காதோடு ரகசியம் சொன்னால் பக்கத்துப் பண்ணையில் மாடு தலை தூக்கும்.

அந்த டாய்ல்தான் ஏப்ரல் போட்டியில் அவள் தலையில் கல்லைப் போட்டான்.

அன்றைய சுற்று எளிது. நாலு கம்பத்தின் மேல் ஒரு எண்ணெய்ப் பீப்பாய், அதன் மேல் பழைய சேணம், அதுதான் குதிரை. வங்கியில் கொள்ளையடித்தவனைத் துரத்திவந்ததாகக் கற்பனை. டைமர் கூவியதும் குதிரையிலிருந்து குதித்து, மரச்சட்ட ஜன்னலுக்கு ஓடி, ரிவால்வரை உருவி, ஐந்து இரும்புத் தகட்டையும் அடிக்க வேண்டும். டாய்ல் குதித்தான். அவன் கால் தரையைத் தொடும் முன்பே அவன் துப்பாக்கி தரையைத் தொட்டுவிட்டது.

ரிவால்வரின் ஆறு குழியில் ஐந்தில்தான் தோட்டா போடுவார்கள், தோட்டாவை அடிக்கிற சுத்தியல் காலிக் குழியின் மேல் இருக்கும். அதனால் வெடிக்கவில்லை. வெர்லீன் அப்போது கடைசி மேஜையில் தன் துப்பாக்கியைக் காலி செய்துகொண்டிருந்தாள். திரும்பிப் பார்த்தபோது ஆர்லிஸின் முதுகுதான் தெரிந்தது. ஆர்லிஸ் போட்டியை நடத்துகிறவர், ஓய்வு பெற்ற தபால்காரர், பனைமர உயரம். விதிப்படி அவர்தான் குனிந்து எடுத்தார், தோட்டாவைக் கழற்றினார், டாய்ல் கையில் கொடுத்தார். டாய்ல் அதைச் சட்டென்று, துப்பாக்கிகளை உருட்டிக்கொண்டு வரும் தன் தள்ளுவண்டிப் பெட்டிக்குள் போட்டு மூடினான்.

"டாய்ல், தோட்டாவோட துப்பாக்கி கீழ விழுந்தா என்னன்னு உனக்கே தெரியும். இன்னைக்கு நீ வீட்டுக்குப் போகணும்" என்றார் ஆர்லிஸ்.

அத்தனை பேர் நடுவில் வீட்டுக்கு அனுப்பப்படுவது சின்ன அவமானமில்லை. டாய்லின் முகம் தக்காளியாகிவிட்டது. பெல்ட்டை உருவினான், உறையோடு சேர்த்து வெர்லீனின் காலடியில் எறிந்தான்.

"இந்தா! உன் தோலு! ஊரெல்லாம் தம்பட்டம் அடிச்சியே, நீ தைச்ச லட்சணத்தைப் பார்த்தியா? யார் கால்லயாவது பட்டிருந்தா?"

"டாய்ல், என் உறை துப்பாக்கிய விடாது."

"விட்டுச்சே! எல்லாரும்தானே பார்த்தாங்க? பொய் சொல்றேனா நானு?"

அவள் சுற்றிலும் பார்த்தாள். ஒரு ஆம்பளை வாய் திறக்கவில்லை. மெர்லும்தான். எல்லாரும் தங்கள் பூட்ஸை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்ப்பவர்கள் போலப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அதற்குப் பிறகு நடந்ததைச் சொல்ல எனக்கே வயிறு எரிகிறது. பேர் கெடுவதற்கு எவ்வளவு நேரம் ஆகும்? உறைக்குச் சொல்லிவைத்திருந்த ஷெரிடன் ஊர்க்காரர் போன் செய்து, "அவசரமில்ல, அப்புறம் பார்த்துக்கலாம்" என்றார். புதிதாகச் சுடப் பழகும் தன் பையனுக்கு உறை கேட்டிருந்த பாதிரியார், பையன் சுடுவதையே விட்டுவிட்டான் என்றார். அந்தப் பையன் மறுநாளே மளிகைக் கடையில் தோட்டா வாங்கிக்கொண்டிருந்தான். எல்லாவற்றுக்கும் மேலே ஆர்லிஸ் நேரில் வந்தார், தொப்பியைக் கையில் சுழற்றிக்கொண்டே. ஜூனில் மாநிலப் போட்டி அவர்கள் மைதானத்தில். நாலா திசையிலிருந்தும் ஆள் வரும். வாசலுக்கு நேரே ஒரே ஒரு மேஜை, அது உறை தைக்கிறவர்களுக்கு. அந்த மேஜைக்காக வெர்லீன் பல வருஷமாக ஏங்கிக் கிடந்தாள். இந்த வருஷம்தான் கிடைத்திருந்தது.

"இந்தத் தடவை கேஸ்பர்ல இருந்து ஒருத்தன் வரேங்கறான், வெர்லீன். நீ அடுத்த வருஷம்..."

"ஆர்லிஸ், நீங்க அந்தத் துப்பாக்கிய கையில எடுத்தீங்க. என் தோலு மேலதான் தப்புன்னு என் மூஞ்சியப் பார்த்துச் சொல்லுங்க."

அவர் அவள் மூஞ்சியைப் பார்க்கவில்லை. வாசலில் நின்ற நாயைப் பார்த்தார். "மே போட்டி முடியட்டும், பார்க்கலாம்" என்று முணுமுணுத்துவிட்டுப் போனார்.

அவர் போன பிறகு வெர்லீன் அழுதாள். வருத்தத்தில் இல்லை, ஆத்திரத்தில். அழுது முடித்து மூக்கைச் சிந்திவிட்டு, அதுவரை தொட மனசு வராமல் மூலையில் போட்டிருந்த டாய்லின் உறையை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் அதன் வாயை அகட்டி உள்ளே பார்த்தாள்.

அவள் கை அந்தத் தோலைக் கேள்வி கேட்கத் தேவையில்லை, அது தானாகவே எல்லாவற்றையும் சொல்லிவிட்டது. டாய்லின் துப்பாக்கி ரூகர் ரிவால்வர், தடித்த உடம்பு, ஐந்தரை அங்குலக் குழல். அவளிடம் இருப்பதும் அதே ரகம்தான். அந்தத் தடித்த உடம்பு வருஷக்கணக்காக உரசிய பளபளப்பு உள்ளே இருந்தது. ஆனால் அதன் மேலே இன்னொரு தடம், புதுசு. மெலிந்த உடம்பு. குழலின் வாய் பதிகிற வட்டம் அடியில் ஒன்று, அதற்கு முக்கால் அங்குலம் மேலே ஒன்று. குறிபார்க்கக் குழல் நுனியில் இருக்கிற முன்குறி கீறிய கோடும் இரண்டு. இந்த வீட்டில் வேறொருத்தி குடியிருந்திருக்கிறாள்!

"அட களவாணிப் பயலே" என்றாள் வெர்லீன்.

மறுநாள் சனிக்கிழமை. சனிக்கிழமைகளில் பான்கேக் சுடுவது மெர்ல். ரோடு போடும் யந்திரம் ஓட்டுகிற கை, ஆனால் பான்கேக் விஷயத்தில் பூ மாதிரி. வெர்லீன் உறையைக் கொண்டுவந்து சர்க்கரைப்பாகு ஜாடிக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"மெர்ல், டாய்ல் எப்போ பழைய கோல்ட் ரிவால்வர் வாங்கினான்?"

மெர்ல் திரும்பவில்லை. கல்லில் இருந்த பான்கேக் ஓரத்தில் கருக ஆரம்பித்தது.

"நாலே முக்கால் அங்குலக் குழல். ஒல்லி உடம்பு. மார்ச் மாசம் கேஸ்பர் துப்பாக்கிச் சந்தைக்கு நீயும் அவனும்தானே போனீங்க?"

"நான் ஒண்ணும் சொல்லலியே."

"அதான் கேட்கறேன், ஏன் சொல்லலே?"

மெர்ல் அடுப்பை அணைத்தான். "நூறு வருஷத்துப் பழைய துப்பாக்கி, வெர்லீன். அந்த நீல நிறம் இன்னும் அப்படியே இருக்கு. அவனால அதைக் கீழ வைக்க முடியலே, பாவம். பெண்டாட்டி ரோமாகிட்ட மூச்சு விடாதேன்னான். வாக்குக் குடுத்துட்டேன். அதை ஒரு தடவையாவது போட்டியில கட்டிக்கிட்டு நிக்கணும்னு அவனுக்கு ஆசை. ரெண்டும் ஒண்ணுதானேன்னு உன் உறையில சொருகிட்டான்."

இங்கே ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். இந்தக் கழகத்தில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. ஒருத்தன் புதுத் துப்பாக்கி வாங்கினால் இன்னொருத்தன் அதை அவன் பெண்டாட்டியிடம் சொல்லக் கூடாது. மற்ற எதையும் சொல்லலாம். குடித்தது, சீட்டாடியது, மாட்டை விற்றது எல்லாம் சொல்லலாம். துப்பாக்கி மட்டும் கூடாது. ஏனென்றால் வெந்நீர்க் கொதிகலனுக்குப் பின்னாலும் கொட்டகை மச்சிலும் ஒளித்து வைக்காத ஆம்பளை அங்கே ஒருத்தன் கிடையாது. அந்த மானங்கெட்ட சட்டத்தைக் காப்பாற்றத்தான் அத்தனை பேரும் பூட்ஸைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"என் பேரு சந்தி சிரிக்குது. நீ வாக்கைக் கட்டிக்கிட்டு அழுவுற. சர்ச்சுல பாஸ்டர் முன்னாடி எனக்கும்தான் ஒரு வாக்குக் குடுத்த. அது எதுல சேர்த்தி?"

"நீ மட்டும் என்ன ஒழுங்கா? தையல் மெஷின் பெட்டிக்கு அடியில ஒரு குட்டித் துப்பாக்கி தூங்குதே, அது எப்போ வந்துச்சுன்னு நான் கேட்டேனா?"

வெர்லீன் அவன் கையிலிருந்த கரண்டியைப் பிடுங்கினாள்.

"என்னுது யார் பேரையும் கெடுக்கலே" என்று சொல்லிவிட்டு, கருகிய பான்கேக்கை நாய்க்குப் போட்டாள். அன்றைக்கு முழுக்க அவனோடு பேசவில்லை.

ரோமாவிடம் போட்டு உடைத்திருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும். ரோமா வேறு யாரோ இல்லை. ஒன்றாம் வகுப்பிலிருந்து பக்கத்துப் பெஞ்சுக்காரி. அந்த வாரமே ருபார்ப் பை என்கிற இனிப்புப் பணியாரம் சுட்டுக்கொண்டு சமாதானம் பேச வந்தாள்.

"டாய்ல் தூங்கறதே இல்லடி. புரண்டு புரண்டு படுக்கறான். உன்னோட சண்டை போட்டது அவனுக்கே பொறுக்கலே. ஒரு தையல் விட்டுப்போச்சுன்னு சொல்லிடேன். நீயும் மனுஷிதானே, தப்பு வராதா?"

"வராது."

"உன் திமிரு இருக்கே! அவன் பொய் சொல்லமாட்டான், வெர்லீன். எங்க வீட்டுல எனக்குத் தெரியாம ஒரு தோட்டா உள்ள வராது."

வெர்லீனின் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஒரு வார்த்தை போதும், ரோமா நேரே வீட்டுக்குப் போய் அவனைக் கிழித்துத் தோரணம் கட்டியிருப்பாள். ஆனால் அப்புறம் ஊர் என்ன சொல்லும்? பெண்டாட்டிக்குப் பயந்து டாய்ல் ஒத்துக்கொண்டான் என்று சொல்லும். வெர்லீனின் தோல் நல்ல தோல் என்று சொல்லாது. அவளுக்கு வேண்டியது டாய்லின் மானமில்லை, தன் தோலின் மானம். அதை வம்பு பேசி வாங்க முடியாது, மைதானத்தில்தான் வாங்க முடியும்.

"பை நல்லா இருக்கு. இன்னொரு துண்டு வெட்டு" என்றாள்.

மே போட்டியன்று காலையில்தான் மழை விட்டிருந்தது. மைதானம் முழுக்கச் செந்நிறச் சேறு, பூட்ஸை உறிஞ்சி இழுத்தது. எல்லாரும் காலைக் கூட்டத்துக்கு ஆர்லிஸைச் சுற்றி நின்றபோது வெர்லீன் முன்னால் வந்தாள். அவளுடைய பெல்ட்டில் டாய்லின் உறை. அவன் அவள் காலடியில் எறிந்தபடியே, ஒரு சொட்டுத் தண்ணீர் காட்டவில்லை, ஒரு தையல் தொடவில்லை. ஆம்பளை இடுப்புக்கு வெட்டிய உறை, பிடி அவள் விலாவில் குத்திக்கொண்டிருந்தது. குத்தட்டும் என்று நின்றாள்.

"பீப்பாய்க் குதிரையைக் கொண்டாங்க ஆர்லிஸ். போன மாசத்துச் சுற்று, அதேதான். இந்த உறையோட நான் சுடப்போறேன்."

"உனக்கு முட்டி சரியில்ல, வெர்லீன். தரையைப் பாரு, வழுக்குது."

"முட்டி என்னுது. இந்த உறையில என் ரூகர் இருக்கு, இந்த உறை எந்தத் துப்பாக்கிக்குத் தைச்சதோ அதே ரகம். இது கீழ விழுந்தா, இன்னைக்கு வீட்டுக்குப் போறது மட்டுமில்ல, இனிமே ஊசியையே தொடமாட்டேன். எல்லாரும் கேட்டுக்குங்க."

மெர்ல் தொப்பியைக் கழற்றி மறுபடி மாட்டினான். டாய்ல் தொண்டையைக் கனைத்தான். "எதுக்கு இந்த வீம்பு? நடந்தது நடந்துபோச்சு, விடேன்" என்றான். இடிமுழக்கம் அன்றைக்கு அவனிடம் இல்லை.

"நீ விட்டுட்ட. நான் விடலே" என்றாள் வெர்லீன்.

தோட்டா ஏற்றும் மேஜையில் ஒரு குழியில் போட்டாள், ஒன்றை விட்டாள், நாலு போட்டாள், சுத்தியலை இழுத்துக் காலிக் குழியின் மேல் இறக்கினாள். மேஜைக்காரர் சரிபார்த்துத் தலையாட்டினார். ஆப்பிள் பெட்டி ஒன்றைப் படியாகப் போட்டு, பாவாடையைச் சுருட்டிக்கொண்டு, பீப்பாய் மேல் ஏறி உட்கார்ந்தாள். அறுபது தாண்டிய பொம்பளை எண்ணெய்ப் பீப்பாயில் உட்கார்ந்தால் சிரிப்பு வர வேண்டும். யாரும் சிரிக்கவில்லை. சமையல் கூடாரத்திலிருந்து ரோமாகூட மிளகாய்க் குழம்புக் கரண்டியோடு வெளியே வந்து நின்றாள்.

டைமர் கூவியது.

வெர்லீன் காலைத் தூக்கிச் சுழற்றிக் குதித்தாள். அங்கேதான் சனியன் பிடித்தது. இடது பூட்ஸின் குதிகால் சேணத்தின் வளையத்தில் மாட்டிக்கொண்டது. உடம்பு முன்னால் போக, கால் பின்னால் நிற்க, அந்தரத்தில் ஒரு திருகு திருகி, வலது பக்கமாக, துப்பாக்கி இருக்கிற பக்கமாகவே சேற்றில் விழுந்தாள். விழுந்த வேகத்தில் பூட்ஸ் விடுபட்டது, ஒரு உருள் உருண்டு குப்புறக் கிடந்தாள். மெர்ல், "ஐயோ, வெர்லீன்!" என்று கத்திக்கொண்டு ஓடப் பார்த்தான், இரண்டு பேர் பிடித்து நிறுத்தினார்கள்.

"நிறுத்து! யாரும் நகராதீங்க!" என்று ஆர்லிஸ் கத்தினார்.

வெர்லீன் முழங்கை ஊன்றி எழுந்தாள். முட்டி கிழிந்து பாவாடையில் ரத்தம். ஒரு காதில் சேறு. இடுப்புக்குக் கையைக் கொண்டுபோகவில்லை, இரண்டு கையையும் அகல விரித்துக் காட்டினாள்.

"ஆர்லிஸ், துப்பாக்கி எங்க இருக்கு?"

"உறையில" என்றார் ஆர்லிஸ்.

"நல்லாப் பார்த்துச் சொல்லுங்க. எல்லாருக்கும் கேட்கணும்."

"உறையிலதான் இருக்கு! அசையக்கூட இல்ல!"

"குழல்ல சேறு போயிருக்கா? அதையும் பார்த்துடுங்க."

அவர் பக்கத்தில் வந்து, உறையின் அடி மூடியிருப்பதைத் தடவிப் பார்த்தார். துப்பாக்கியை மெல்ல உருவிக் குழல் வாயைப் பார்த்தார், திரும்ப இறக்கினார். சேறு தோலோடு நின்றுவிட்டது. "சுத்தம்" என்றார்.

"அப்போ வழியை விடுங்க. கடியாரம் ஓடுது."

நொண்டிக்கொண்டே ஜன்னலுக்குப் போனாள். உருவினாள். தோல் துப்பாக்கியை விட்ட சத்தம், அந்த மெல்லிய 'சக்', அவளுக்கு மட்டும் கேட்டது. முதல் தகடு 'டங்' என்றது. இரண்டாவது, மூன்றாவது, நாலாவது. ஐந்தாவதுக்கு ஒரு மூச்சு இழுத்து நிதானமாக அடித்தாள். அது மற்றதைவிட உரக்கப் பாடியது. துப்பாக்கியை உறையில் இறக்கிவிட்டுத் திரும்பினாள். அன்றைக்கு மைதானத்தில் அதைவிட மோசமான நேரம் யாரும் எடுக்கவில்லை. அதைவிட அழகாகவும் யாரும் சுடவில்லை. அவளுக்கு அது தெரியும், நெஞ்சு புடைத்துக்கொண்டு வந்தது.

கைதட்டல் வரும் என்று நினைத்தாள். வரவில்லை. அதற்கு முன்னால் ரோமாவின் குரல்தான் வந்தது.

"டாய்ல்." கரண்டியிலிருந்து குழம்பு சொட்டிக்கொண்டிருந்தது. "அவ தலைகுப்புற விழுந்தா. துப்பாக்கி அசையலே. நீ சும்மா குதிச்ச. உன்னுது எப்படி விழுந்துச்சு?"

ஆம்பளைகள் அத்தனை பேரும் மறுபடி பூட்ஸைப் பார்த்தார்கள். டாய்ல் பின்னால் நகர்ந்து தன் வண்டிப் பெட்டியை மறைத்து நின்றான். மெர்ல்தான் முன்னால் வந்தான். முகம் வெளுத்திருந்தது, ஆனால் நேரே நடந்து வந்து வெர்லீனுக்குப் பக்கத்தில் நின்றான்.

"நான் சொல்றேன் ரோமா. ஏப்ரல்லயே சொல்லியிருக்கணும். மார்ச்ல கேஸ்பர் சந்தையில..."

"இரு மெர்ல்" என்றான் டாய்ல். "என் வாயாலயே சொல்லிடறேன்."

அவன் தன் வண்டிப் பெட்டியைத் திறந்தான். அடியிலிருந்து ஒரு கம்பளித் துணி மூட்டையை எடுத்துப் பிரித்தான். பழைய கோல்ட், மங்கிய நீலத்தில், பார்த்தவர்கள் எல்லாரும் கழுத்தை நீட்டுகிற அழகு. விழுந்த இடத்தில் பிடியில் ஒரு சில்லு பெயர்ந்திருந்தது.

"இதைத்தான் சொருகினேன். ரூகருக்குத் தைச்ச உறையில இதைச் சொருகினேன். லொடலொடன்னு ஆடுச்சு, எனக்கே தெரிஞ்சுது. ஆனாலும் ஆசை விடலே. விழுந்ததும் உனக்குப் பயந்து, அவ தோலு மேல பழியப் போட்டேன்." அவன் வெர்லீன் பக்கம் திரும்பினான். இந்தத் தடவை இடிமுழக்கம் முழுசாக வந்தது, கடைசி மேஜைவரை கேட்டது. "வெர்லீன் தைச்ச தோல்ல ஒரு குத்தமும் கிடையாது! குத்தம் என் மேல! நான்தான் முட்டாள்!"

"முட்டாள்ங்கறது எங்களுக்கு முன்னாடியே தெரியும்" என்றாள் ரோமா. பிறகு மெதுவாகச் சுற்றிலும் பார்த்தாள். "இருங்க. இது உங்க எல்லாருக்கும் தெரியுமா? அப்போ உங்க ஒவ்வொருத்தர் வீட்டுலயும் என்னென்ன இருக்கு?"

கூடாரத்துப் பக்கமிருந்து மற்றப் பெண்கள் ஒவ்வொருத்தியாகத் தங்கள் புருஷன் பக்கம் திரும்பினார்கள். அப்படி ஒரு திரும்பலை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. பாதிரியாருக்குக்கூட வியர்த்தது.

ஆர்லிஸ் தொப்பியைக் கழற்றினார். "வெர்லீன், அந்தத் துப்பாக்கிய எடுக்கும்போதே எனக்குப் புரிஞ்சுபோச்சு. பேசாம இருந்தேன். அது அசிங்கம். ஜூன் மேஜை உன்னுதுதான்."

"தெரியும்" என்றாள் வெர்லீன்.

அவள் டாய்லிடமிருந்து கோல்ட்டை வாங்கி, காலியா என்று பார்த்து, கையில் தூக்கி நிறுத்திப் பார்த்தாள். சும்மா சொல்லக் கூடாது, வசியம்தான். இதற்காக ஒருத்தன் புத்தி கெட்டான் என்றால் அதிசயமில்லை என்று அவளுக்கும் தோன்றியது. ஆனால் அதை அவனிடம் சொல்லிச் செல்லம் கொடுக்க மனசில்லை.

"இதுக்கு ஒரு உறை தைச்சுக் குடு, வெர்லீன். என்ன கேட்டாலும் தரேன்" என்று கெஞ்சினான் டாய்ல்.

"தைச்சுக் குடு" என்றாள் ரோமா. கரண்டியை டாய்ல் கையில் திணித்தாள், சமையல் ஏப்ரனை அவிழ்த்து அவன் தோளில் போட்டாள். "ஆனா அளவு என் இடுப்புக்கு எடு. இனிமே இது என் துப்பாக்கி. கர்னல் போய்க் குழம்பைக் கிண்டட்டும், அடி பிடிக்கப்போகுது."

அப்போதுதான் மைதானம் வெடித்துச் சிரித்தது. கைதட்டலும் அப்போதுதான் வந்தது. டாய்ல் கரண்டியோடு கூடாரத்துக்குப் போனான், போகிற வழியெல்லாம் முதுகில் அடி வாங்கிக்கொண்டு. மெர்ல் தன் கைக்குட்டையை நனைத்துக்கொண்டுவந்து மண்டியிட்டு வெர்லீனின் முட்டியைத் துடைத்தான். அவள் காலை இழுத்துக்கொள்ளவில்லை.

"கையைத் தூக்குடி" என்றாள் ரோமாவிடம். பாவாடைப் பையிலிருந்து அளவு நாடாவை எடுத்து, ரோமாவின் இடுப்பில் சுற்றி, சேற்று விரலால் அடையாளம் வைத்தாள். பொம்பளை இடுப்புக்கு உறையின் அடி எவ்வளவு வெளியே சாய வேண்டும், பிடி விலாவை விட்டு எவ்வளவு தள்ளி நிற்க வேண்டும் என்று விளக்கிக்கொண்டே அளந்தாள். நிமிர்ந்து பார்த்தபோது ரோமாவுக்குப் பின்னால் ஷெரிடன்காரர் நின்றார். அவருக்குப் பின்னால் பாதிரியார், அவருக்குப் பின்னால் தொப்பியைச் சுழற்றிக்கொண்டு ஆர்லிஸ், அவருக்கும் பின்னால் ஆட்கள்.

வெர்லீன் நாடாவை உதறினாள். முட்டி எரிந்தது, விலா வலித்தது, தலை வானத்தில் இருந்தது.

"வரிசையில நில்லுங்க" என்றாள். "எந்தத் துப்பாக்கிக்குன்னு உண்மையச் சொல்றவங்களுக்கு மட்டும்தான் அளவு எடுப்பேன்."